காது ஜாஸ்தியான மைக்

மருத்துவர் கன்னடத்தில் பேசினார். என் மனைவிக்கு அதில் சிரமமில்லை. உத்தனப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்; வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். நான் தெற்கேயிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன். முப்பத்தைந்து வருடம் ஆகியும் கன்னடத்தில் எனக்கு விலை கேட்கவும் விலை குறைக்கவும் மட்டும்தான் தெரியும். ஆகவே பெங்களூர் மருத்துவமனையின் அந்தச் சிறிய அறையில் நான் முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை எடுத்துவிட வேண்டும். அதை ஒட்டிக் குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று ஓடுகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சிலருக்குக் குரல் மாறும். இவ்வளவையும் அவள் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"மாத்தாடபஹுது. ஹாடோது... நோடோணா."

இதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. பேசலாம், பாடுவதைப் பார்க்கலாம். ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, பொருள் விற்க வந்தவர்களிடம் நான் அதிகமாகச் சொன்ன சொல் 'பார்க்கலாம்' என்பதுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சம்மதப் படிவத்தைக் கொடுத்தார்கள். ஏழு ஷரத்துகள். குரல் மாறலாம் என்பது நான்காவது. படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எனக்கில்லை என்பதால் எனக்குப் பின்னால் வரிசையில் இருந்தவர்கள் நெடுநேரம் நின்றார்கள். ஐப்பசி இரண்டாவது வாரத்தில் அறுவை என்று தேதி எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வாரம் இருந்தது.

திரும்பும்போது பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியது. அப்புறம் அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, புரட்டாசி மூணாஞ் சனிக்கிழமைக்கு நல்ல மைக்கா ஒண்ணு வேணும். அந்தக் கோயில் மைக்குல பாடினா, பஸ் ஸ்டாண்டுல காணாமப் போன கொழந்தைய அறிவிக்கிற மாதிரி இருக்குது."

மத்திகிரியில் நாங்கள் இருக்கும் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைகளில் பெண்கள் பஜனை. மூன்றாவது சனிக்கிழமை மட்டும் இவள் தனியாக மூன்று பாட்டு பாடுவாள். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று. அந்தத் தெருவில் யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்பதற்காக எப்போதோ ஏற்பட்ட ஏற்பாடு அது. சங்கீதம் முறையாகக் கற்றவள் அல்ல. ஆனால் ஐந்து கட்டை என்கிற உயரமான சுருதியில் எடுத்து, மேலே போகும் இடத்தில் எந்த முயற்சியும் தெரியாமல் போவாள். மாடிப்படி ஏறுகிறவர்கள் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுவது போல.

அதே மைக்கை வைத்து, அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் இருந்த பாட்டுகளையெல்லாம் அறுவைக்கு முன்னால் வீட்டிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்று நான் நினைத்தேன். சொன்னேன்.

"எதுக்கு? நான் எங்க போறேன்?"

"ஒரு ஆவணமா இருக்கட்டும்."

"ஆவணமா? பட்டா சிட்டா மாதிரியா?" என்று சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் நான்காவது ஷரத்து தெரியும்.

மைக் வாங்குவது கடைக்குப் போய் வாங்கிவருகிற வேலை. நான் அதைக் கொள்முதல் ஆக்கினேன். பாகலூர் சாலையில் ஒரு கடை, பெங்களூரில் ஒரு கடை, இணையத்தில் ஒன்று என மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்கினேன். ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். வீட்டுப் பதிவுக்கும் மேடைக்கும் ஒரே மைக், விலை நமக்குத் தாங்க வேண்டும், கையில் பிடிக்கும்படி இருக்க வேண்டும். தகுதிகளுக்கு மதிப்பெண் பிரித்தேன். மைக்குகளில் பொதுவாக இரண்டு சாதி உண்டு. டைனமிக் மைக் என்பது மேடைக்காரர்கள் கையில் பார்ப்பது. முரட்டுத்தனமானது, வாயருகே பிடித்தால்தான் கேட்கும். கண்டென்சர் மைக் நுட்பமானது. மின்சாரம் கொடுக்க வேண்டும், ஆனால் மூச்சு விடுவதுகூடத் தெளிவாக விழும். விவரத்தாளில் உணர்திறன் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் கண்டென்சர் மற்றதை எங்கோ பின்னால் தள்ளியிருந்தது. உணர்திறன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று தீர்மானித்து, இருக்கிற மதிப்பெண்ணில் பெரும் பங்கை அதற்கே ஒதுக்கினேன். ஒரு பொருள் எந்த இடத்தில் பயன்படப்போகிறது என்ற வரி அட்டவணையில் இல்லை. தொழிற்சாலையில் அது வேறு பிரிவின் வேலை.

இதற்கெல்லாம் பன்னிரண்டு நாள் போயின. "கப்பலா வாங்கறீங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். மறுநாள் அதுகூடக் கேட்கவில்லை.

கண்டென்சர் மைக் வந்தது. அதைக் கணினியோடு இணைக்கும் சிறிய பெட்டி ஒன்று, காதில் மாட்டும் ஹெட்போன், எல்லாம் வந்தன. உறையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன், வரிசை எண்ணை உத்தரவாத அட்டையோடு ஒப்பிட்டேன். மாலை நான்கு மணிக்கு அவளைப் படுக்கையறை நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மத்திகிரி முழுவதும் என் காதுக்குள் வந்துவிட்டது.

பின்தெரு ஷெட்டில் தகட்டிலிருந்து வாஷர் வெட்டி அடிக்கும் பவர் பிரஸ் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அரசு கால்நடைப் பண்ணையிலிருந்து ஒரு மாடு. டவுன் பஸ்ஸின் ஏர் ஹாரன். மேல்வீட்டில் குழாய் திறந்து தண்ணீர் இறங்குவது. ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் ரிவர்ஸில் வரும்போது பாடும் பாட்டு. இவ்வளவுக்கும் நடுவில் என் மனைவியின் குரல், மிகச் சுத்தமாக, கூட்டத்தில் மாட்டிக்கொண்ட ஆள் போல.

அவளும் கேட்டாள். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்து, "இந்த பிரஸ்ஸு இப்பிடியா அடிக்குது? இத்தன வருசமா இதுக்குள்ளயாங்க குடும்பம் நடத்தினோம்?" என்றாள்.

ஷெட்காரரிடம் போய்க் கேட்பது என்று முடிவு செய்தேன். எனக்குப் பழக்கமான ஆள்தான். நான் வேலையில் இருந்தபோது எங்கள் தொழிற்சாலைக்குச் சரக்கு கொடுத்தவர். தினமும் ஒரு மணி நேரம், ஒரு வாரத்துக்கு, பிரஸ்ஸை நிறுத்திவைக்க முடியுமா என்றேன்.

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சார், ஒரு நாள் லேட்டுக்கு மூணு லெட்டர் போட்டவரு நீங்க. இப்ப வந்து மிசின நிறுத்துன்றீங்க."

"அது கம்பெனி நடைமுறை."

"இது நம்ம நடைமுறை சார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அரை மணி நிறுத்துவோம். அம்மாவ அப்ப பாடச் சொல்லுங்க. அம்மா குரலு நல்ல குரலு, இங்க வரைக்கும் கேக்கும்."

நியாயமான பதில். அந்த அரை மணியில்தான் பக்கத்து வீடுகளில் எல்லாம் குக்கர் விசில் அடிக்கும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

இருந்தாலும் பத்து நாளில் பதினோரு பாட்டு பதிவு செய்தோம். ஒவ்வொன்றையும் நான் கேட்டுப் பரிசோதித்து ஒரு பதிவேட்டில் குறித்தேன். முதல் பாட்டு: பிரஸ் சத்தம், நிராகரிப்பு. நான்காவது: இரண்டாம் சரணத்தில் விசில், நிராகரிப்பு. ஏழாவது: மாடு. பதினொன்றும் தேறவில்லை. தேறாததை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளில் நிராகரித்த சரக்கை நல்ல சரக்கு இருக்கும் கிடங்கில் வைக்கக்கூடாது. தவறிக் கலந்துவிட்டால் யார் பொறுப்பு? சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியே வைத்து, நாளடைவில் உடைத்துவிடுவார்கள். அதைத்தான் செய்தேன். ஒவ்வொரு நாளும் மாலையில் அன்றைய பதிவை அழித்தேன். கணினியில் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்கிறதே, அதையும் காலி செய்தேன்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிறுத்துவார்கள். அறிவிப்பு நாளிதழில் வந்துவிட்டது. மூன்றாம் சனிக்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை. அன்றைக்கு பிரஸ் ஓடாது. ஷெட்டில் ஜெனரேட்டர் இல்லை, விசாரித்துவிட்டேன். மேல்வீட்டு மோட்டார் ஓடாது. என் கணினியில் மின்கலம் இருக்கிறது. மைக்குக்கு அதுவே போதும். ஒரு நாள், எட்டு மணி நேரம், சுத்தமான சத்தமில்லாத சரக்கு. அவள் எந்த வரிசையில் பாட வேண்டும், இடையில் எவ்வளவு ஓய்வு, எப்போது வெந்நீர் என்று நிரல் எழுதிக் கதவில் ஒட்டினேன். அதற்கு அப்புறமும் அறுவைக்குப் பத்து நாளுக்கு மேல் இருக்கும். அவசரப்பட வேண்டியதே இல்லை.

மூன்றாம் சனிக்கிழமை கோயிலுக்கு மைக்கை அதன் பெட்டியோடு எடுத்துப்போனேன். மைக் செட்காரர் ஊத்தங்கரைப் பக்கத்து ஆள். ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டு, தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என் மைக்குக்கு மின்சாரம் கொடுக்க அவர் பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று விளக்கினேன். அவர் டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அழுத்தினார்.

அவள் முதல் சொல்லை எடுத்ததும் ஸ்பீக்கர் ஊளையிட்டது. கற்பூரத் தட்டு வைத்திருந்த அர்ச்சகர் ஒரு அடி பின்னால் போனார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சத்தத்தைக் குறைத்தார், அவள் குரல் கேட்கவில்லை. கூட்டினார், மறுபடி ஊளை. மேடையில் அவள் வாய் மூடி, மைக்கைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாக அவள் நின்று பாடிய இடம் அது.

மைக் செட்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இது உசத்தியான மைக்குதான். ஆனா இதுக்குக் காது ஜாஸ்தி. ஸ்பீக்கர்ல வர்றதையும் சேத்துக் கேட்டுனு இருக்குது."

"உணர்திறன் அதிகம்" என்றேன்.

"அதான் சார் நானும் சொல்றேன். கோயில்ல செவுடுதான் வேணும்."

தன் பையிலிருந்து வலை நசுங்கிய பழைய டைனமிக் மைக் ஒன்றை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, மேடையேறி அவளிடம் கொடுத்தார். "யக்கா, வாயோட ஒட்டிப் புடி. கூச்சப்படாத. ஐஸ் சாப்புடற மாதிரி."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு பாடினாள். மூன்று பாட்டு. கன்னடப் பாட்டின் உச்சியில் அவள் ஒரு சுரத்தில் நின்றாள்; எவ்வளவு நேரம் நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்தக் கோயிலில் முதல் முறையாக அது அவள் குரலாகவே கேட்டது. நான் கையில் வெறும் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். என் போனை எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பதிவு புதன்கிழமைதானே.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். வேறு ஒருவரின் அறுவை தள்ளிப்போனதால் நாளைக்கே இடம் இருக்கிறது, இன்று மாலைக்குள் வந்து சேர்ந்துவிடுங்கள், விட்டால் முதலில் கொடுத்த தேதியும் இல்லை, மருத்துவர் வெளிநாடு போய் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். கட்டி விஷயம், காத்திருக்கலாமா என்று கேட்டதற்கு, காத்திருக்காமல் இருப்பது நல்லது என்றார்கள். அவள் உடனே துணி எடுத்துவைக்க ஆரம்பித்தாள். "ஒரு பாட்டாவது இப்பப் பாடிடறியா?" என்று கேட்டேன். சனிக்கிழமை பாடியதில் தொண்டை கட்டியிருந்தது. அவள் அதைத் தடவிக்காட்டி, முடியாது என்று தலையசைத்தாள். பின்தெருவில் பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அறுவை முடிந்தது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அவள் படுக்கையருகில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் கட்டு. ஒரு செவிலி வந்து பெயரைச் சொல்லச் சொன்னாள். என் மனைவியின் உதடு அசைந்தது. காற்று மட்டும் வந்தது. மத்திகிரியில் அந்த நேரத்தில் மின்சாரம் நின்றிருக்கும்.

கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. நரம்பு அறுபடவில்லை, இழுபட்டிருக்கிறது, ஆறு மாதம் பாருங்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் பேச்சு வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, விடியற்காலையில் எழுந்தவள் பேசுவது போல. ஐந்து கட்டை சுருதியில் வைத்தால் பல்லவியின் பாதியிலேயே குரல் உடைந்தது. நான்கிலும் உடைந்தது. மூன்றில் நின்றது.

மார்கழியில் ஒரு மாலை, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "அன்னிக்குப் பாடினதையெல்லாம் போடுங்க. கேக்கலாம்."

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"அழிச்சிட்டேன். எல்லாத்துலயும் சத்தம் விழுந்துச்சு. புதன்கிழமை நல்லதா எடுத்துக்கலாம்னு..."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அந்தக் குப்பத்தொட்டில பாத்தீங்களா?"

"அதையும் காலி பண்ணிட்டேன்."

"அத வேற தனியாப் பண்ணீங்களா" என்றாள்.

வெங்காயத் தோலை ஒரு பக்கமாகச் சேர்த்தாள். "சத்தம் விழுந்தா என்னங்க? நம்ம வீடு அங்கதான இருக்குது?"

அவளுக்குக் கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவாள். அதில் ஓர் உயரம் இருக்கும், தெருமுனை வரை கேட்கும். அன்று "சாலு" என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள், போதும் என்று அர்த்தம். மிச்சத்துக்கு வேண்டிய குரல் அவளிடம் இல்லை. நான் வாங்கிய திட்டுகளிலேயே அதிக நாள் நீடித்தது அதுதான்.

கணினியைக் கடைக்கு எடுத்துப்போனேன். இந்த வகை நினைவகத்தில் அழித்தால் மீட்க முடியாது என்றார் கடைக்காரர். "யாராச்சும் தெரியாம அழிச்சிட்டாங்களா சார்?" என்று கேட்டார். தெரிந்துதான் என்றேன். கோயில் நாளன்று யாரோ எடுத்த காணொளி ஒன்று வாட்ஸ்அப்பில் கிடைத்தது. நாற்பது வினாடி. என் மைக் ஊளையிடுவதில் ஆரம்பித்து, குழந்தைகள் சிரிப்பதோடு முடிகிறது. அவள் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் எடுத்தவர் நிறுத்திவிட்டார்.

தை மாதம், அவளே பாகலூர் சாலைக் கடைக்குப் போகலாம் என்றாள். டைனமிக் மைக்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொன்றின் சிறப்பையும் சொல்லத் தொடங்கினார். எனக்கு இரண்டு கேள்விகள் இருந்தன, கேட்கவில்லை. அவள் முதல் மைக்கை எடுத்து வாயோடு ஒட்டி, கீழ்க்குரலில் ஒரு வரி பாடினாள். கடையில் ஒயர் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவதிலும் அதே வரி. மூன்றாவதை எடுத்தவள் பாடாமலேயே கீழே வைத்தாள்.

"இது" என்று இரண்டாவதைக் காட்டினாள்.

"ஏன்க்கா, மூணாவது இன்னும் நல்ல மாடல்" என்றார் கடைக்காரர்.

"இதுல என் குரலு கனமா இருக்குது. கம்மினது தெரியல."

அது உண்மை. டைனமிக் மைக்கை மிக அருகில் பிடித்துப் பாடினால் அடிக்குரல் தடிப்பாக விழும். எந்த விவரத்தாளிலும் இதை நான் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொண்டதில்லை. மூன்றாவதைவிட அது விலையும் குறைவு. முழுக் கொள்முதலும் பத்து நிமிடத்தில் முடிந்தது.

இப்போது வாரத்துக்கு இரண்டு பாட்டு பதிவு செய்கிறோம். அவளுக்குத் தோன்றும் நேரத்தில். நேற்று காலை பத்தரை மணிக்கு, பிரஸ் முழு வேகத்தில் ஓடும் நேரத்தில், கன்னடப் பாட்டை எடுத்தாள். மூன்று கட்டை. கோயிலில் கடைசியாகப் பாடிய அதே பாட்டு. பல்லவியை இரண்டு முறை பாடினாள். அதற்கு மேல்தான் பாட்டு அந்த உச்சிக்கு ஏறும். ஹெட்போனில் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. நான் காத்திருந்தேன். மூச்சை மெதுவாக வெளியே விட்டாள். பல்லவியை மூன்றாவது முறையாக, இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பாடி நிறுத்தினாள்.

"அவ்வளவுதாங்க" என்றாள்.

சேமித்தேன்.